பழைய உழவு இயந்திரங்களை லொறியிலும் பெட்டியிலும் ஏற்றி இறக்குதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புரட்டாதி, ஐப்பசியில் காலபோக உழவு தொடங்கும்போதும் மாசி, பங்குனியில் அறுவடை முடியும்போதும், உழவு இயந்திரங்களைச் சுமந்து செல்லும் லொறிகளையும் இழுவைப் பெட்டிகளையும் வன்னி வீதிகளில் அடிக்கடி காணலாம். வவுனியாவில் வாங்கியதை ஒட்டுசுட்டானுக்குக் கொண்டு வருபவர், மல்லாவியில் பழுதானதைத் திருத்துவதற்குக் கிளிநொச்சிக்குக் கொண்டு போகிறவர், இரணைமடுவின் கீழ் உழுது முடித்துக் கட்டுக்கரைக் குளத்துப் பக்கம் கூலி உழவுக்குப் போகிறவர் என ஒவ்வொருவருக்கும் ஒரு தேவை இருக்கிறது. கராஜிலும் கமநல சேவை நிலைய வாசலிலும் இவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் ஐயங்களைக் கேட்ட வாக்கிலேயே எழுதிப் பதில்களைச் சேர்த்திருக்கிறேன். இயந்திரம் வீதியில் ஓடும்போது நேரும் விபத்தைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். இயந்திரம் நிலத்திலும் இல்லாமல் லொறியின் தட்டிலும் இல்லாமல் ஏற்றும் பலகையில் நிற்கும் சில நிமிடங்களைப் பற்றிப் பேசுவது குறைவு.

ஓடுற மிசினை ஏன் ஏத்த வேணும்? ஓட்டிக்கொண்டே போனால் என்ன?

தூரம் குறைவாகவும், பிறேக்கும் விளக்குகளும் சரியாகவும், பகல் வெளிச்சம் மிச்சமாகவும் இருந்தால் ஓட்டிக்கொண்டு போவதே நல்லது. பரந்தனிலிருந்து கிளிநொச்சிக்குப் போவதற்காக ஓர் இயந்திரத்தை லொறியில் ஏற்றி இறக்குவது தேவையில்லாத ஆபத்தை இரண்டு தடவை விலைக்கு வாங்குவதாகும். ஏ9 வீதியில் நெடுந்தூரம் போக வேண்டியிருந்தாலோ, இயந்திரம் பழுதாக இருந்தாலோ ஏற்றத்தான் வேண்டும். விரைந்து வரும் பேருந்துகளுக்கு நடுவே மெதுவாக ஊரும் பழைய இயந்திரத்தை ஓட்டுவது அதைவிடக் கூடாத வேலை.

பழைய மிசினுக்கு எண்டு தனி ஆபத்து என்ன இருக்கு? புதுசும் அதே பாரம்தானே?

பாரம் ஏறக்குறைய ஒன்றாக இருக்கலாம். 1957 இல் சந்தைக்கு வந்த மாசி பெர்குசன் 35, 1964 இல் வந்த 135 ஆகியவை இன்றும் நம் வயல்களில் உழுகின்றன. 135 இன் நிறை ஏறக்குறைய ஒன்றரைத் தொன். வேறுபாடு சாரதியின் தலைக்கு மேல் இருக்கிறது. இயந்திரம் கவிழ்ந்தாலும் சாரதி நசுங்காதபடி தாங்கும் இரும்புச் சட்டகத்தைப் புதிய உழவு இயந்திரங்களில் பொருத்த வேண்டும் என்று சுவீடன் 1959 இலேயே சட்டமாக்கியது. நம்மிடமுள்ள பழைய இயந்திரங்களில் பெரும்பாலானவை அந்தச் சட்டகம் இல்லாமல் வந்தவை. வெயிலுக்காக நாம் ஒட்டிக்கொள்ளும் தகரக் கூரையை அதற்கு ஈடாக நினைக்கக் கூடாது; இயந்திரம் புரண்டால் அந்தக் கூரை சாரதியோடு சேர்ந்து மடங்கிவிடும்.

அடுத்தது தேய்மானம். சுக்கானில் கால் சுற்று இளக்கம், கழன்று விழும் கியர், எண்ணெய் ஊறிய பிறேக், வெடித்த ரயர் ஆகிய குறைகளைச் சமதரையில் பழக்கத்தால் சமாளிக்கலாம். ஓர் அடி அகலப் பலகையில் அரைச் சாண் விலகினாலே சில்லு வெளியே போய்விடும்.

ஏத்தேக்கை முன்பக்கம் ஏன் மேலை கிளம்புது?

உழவு இயந்திரத்தின் பாரத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பின் அச்சின் மேல் இருக்கிறது. முகம் மேலே பார்க்கச் சரிவில் ஏறும்போது மிச்சமுள்ள பங்கிலும் ஒரு பகுதி பின்னோக்கி நகர்கிறது. எஞ்சின் பின் சில்லைச் சுழற்ற முயலும்போது, சில்லு தடையின்றி உருண்டால் இயந்திரம் முன்னே போகும். சில்லு எங்காவது முட்டி நின்றுவிட்டால், அதே விசை பின் அச்சைச் சுற்றி இயந்திரத்தின் உடலைத் தூக்கிப் புரட்டும்.

இந்த முட்டல் எங்கே நடக்கிறது என்பதை அருகில் நின்று பார்த்தால் விளங்கும். 35 இல் முன் சில்லுக்கும் பின் சில்லுக்கும் இடையே ஏறக்குறைய 6 அடி இருக்கிறது. 8 அடிப் பலகையில் முன் சில்லுகள் தட்டை நெருங்கும் நேரத்தில்தான் பின் சில்லுகள் பலகையின் அடி முனைக்கு வந்து சேர்கின்றன. அந்த முனையில் நிற்பது பலகையாகப் போட்ட, 5 அங்குலத் தடிப்புள்ள ரயில் பாதைச் சிலிப்பர் கட்டையின் வெட்டு முகம். சில்லு அதில் முட்டி ஒரு கணம் நிற்கிறது. சாரதி ‘இன்னும் கொஞ்சம்’ என்று எரிபொருளைக் கூட்டிக் கிளச்சைச் சட்டென்று விடுகிறார். முகம் ஏற்கெனவே வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதால் மிச்சத் தூரத்தைக் கடக்க ஒரு விநாடியும் ஆகாது. கிளச்சை மிதிக்க வேண்டும் என்று மூளை சொல்லிக் கால் அசைவதற்குள் திரும்ப முடியாத கட்டம் தாண்டிவிடும். சாரதியின் திறமையை நம்பி இந்த வேலையைச் செய்யக் கூடாது என்று நான் வற்புறுத்துவதற்கு இதுவே காரணம்.

பலகை எவ்வளவு நீளம் இருக்க வேணும்?

நிலத்திலிருந்து தட்டு எவ்வளவு உயரமோ அதைப் போல நான்கு மடங்கு. தட்டு 4 அடி உயரமானால் பலகை 16 அடி. 3 அடியானால் 12 அடி. இப்படி வைத்தால் சரிவு ஏறக்குறைய 15 பாகையில் நிற்கும். 4 அடித் தட்டுக்கு 8 அடிப் பலகை வைத்தால் சரிவு 30 பாகை. நம் ஊரில் நான் அதிகம் கண்டது இந்த இரண்டாவது அளவைத்தான். கேட்டால், “நீளப் பலகையை லொறியிலை கொண்டு போக இடமில்லை” என்பார்கள். நீளப் பலகை கிடைக்காவிட்டால் தட்டின் உயரத்தைக் குறைக்கலாம். லொறியின் பின் சில்லுகளைப் பள்ளத்தில் இறக்கி நிறுத்தினால் ஒரு அடி வரை குறையும். அந்த ஒரு அடிக்கு 4 அடிப் பலகை மிச்சமாகும்.

பலகையின் அடி முனை கூராகச் சீவப்பட்டிருக்க வேண்டும், அல்லது முன்னால் மண்ணைக் குவித்து இடித்துச் சரிவாக்க வேண்டும். முந்தைய பதிலில் சொன்ன முட்டலைத் தவிர்க்க இதைவிட மலிவான வழி இல்லை.

பனங்குத்தி, சிலிப்பர் கட்டை எல்லாம் போதாதோ? உதுகளிலைதானே காலம் காலமா ஏத்திறம்.

நல்ல மரம் தாங்கும். பாலை, முதிரை போன்றவற்றின் வைரமான பலகைகள் இந்த வேலைக்கு ஏற்றவை. பனையில் வெளிப்புறம்தான் வைரம், உட்புறம் சோறு. வைரம் பாய்ந்த முதிர்ந்த மரத்தைத் தடிப்பாகப் பிளந்திருந்தால் மட்டுமே நம்பலாம். கராஜ் மூலையில் பல மழைக்குக் கிடந்த மரத்தைக் கறையான் தின்றிருக்கக்கூடும். ஏற்றுவதற்கு முன்னர் பலகையை இரு முனைகளிலும் முட்டுக் கொடுத்து வைத்துச் சுத்தியலால் நெடுகத் தட்டிப் பாருங்கள். நல்ல இடம் கணீரென்று ஒலிக்கும், பழுதான இடம் பொத்தென்று ஒலிக்கும். குறுக்கே வெடிப்புள்ள பலகையை விறகுக்குக் கொடுத்துவிடுங்கள்.

மரமோ இரும்போ, எதுவானாலும் அதன் மேல் முனையைத் தட்டோடு சங்கிலியால் கட்ட வேண்டும். ஏறும் சில்லு பலகையைப் பின்னோக்கித் தள்ளுகிறது. கட்டாத பலகை தட்டிலிருந்து வழுகி விழும்போது அந்தப் பக்கச் சில்லும் அதோடு விழும்; இயந்திரம் பக்கவாட்டில் சரியும். இதைத் தடுக்க ஒரு முழச் சங்கிலியும் ஒரு கொழுக்கியும் போதும்.

முகத்தாலை ஏத்திறதோ, பின்னாலை ஏத்திறதோ?

முன் சில்லில் இழுவை இல்லாத பழைய இயந்திரங்களைப் பின்புறமாக ஏற்றுவதே என் பரிந்துரை. பாரமான பின்பகுதி சரிவின் மேற்பக்கம் இருக்கும். றிவேர்ஸ் கியரில் எஞ்சினின் விசை முன் சில்லுகளைத் தரையோடு அழுத்துமே தவிரத் தூக்காது. தாழ் வேகத் தொகுதியில் றிவேர்ஸ் கியரைப் போட்டு, எஞ்சினை மெதுவாக ஓடவிட்டுக் கிளச்சை முழுவதும் விட்டுவிட்டு ஏற்ற வேண்டும். சரிவில் கியர் மாற்றவே கூடாது.

இதற்கும் ஒரு விலை உண்டு. பின்னால் திரும்பிப் பார்த்து ஓட்டும்போது முன் சில்லுகள் எங்கே போகின்றன என்பது தெரியாது. சுக்கானில் இளக்கம் இருந்தால் நேர்கோட்டில் வைப்பது கடினம். ஆகவே பலகைக்கு முன்னால் இரண்டு இயந்திர நீளத்துக்குச் சமதரை இருக்கும் இடத்தைத் தெரிந்து, அங்கேயே நேராக்கிக்கொண்டு ஏறுங்கள். பலகையில் ஏறிய பின்னர் திருத்தப் பார்க்காதீர்கள். கோணலாக வந்தால் இறக்கி மறுபடி வாருங்கள். கொத்துக் கலப்பையோ சுழல் கலப்பையோ பின்னால் மாட்டியிருந்தால் முதலில் கழற்றிவிடுங்கள். கலப்பை பலகையில் இடிக்கும். அதன் பாரமும் பின்னால்தான் சேரும்.

பெட்டியை இன்னொரு மிசினிலை கொழுவி வைச்சிருந்தால் அது அசையாதுதானே?

அசையும். கேட்பவர்கள் நம்ப மறுக்கும் பதில் இதுதான். இரண்டு சில்லுப் பெட்டியின் பின் விளிம்பில் ஒன்றரைத் தொன் ஏறும்போது, பெட்டி தன் அச்சில் ஊஞ்சல் பலகை போல ஆடிப் பின்புறம் தாழ்ந்து முன்புறம் எழும்பும். அந்த முன்புறம் எதில் கொழுவப்பட்டிருக்கிறதோ அதன் பின்பகுதியையும் தூக்கும். இழுக்கும் வாகனத்தின் கைப்பிறேக் பெரும்பாலும் பின் சில்லுகளையே பிடிக்கிறது. அந்தச் சில்லுகள் நிலத்தை விட்டு எழும்பினாலோ பாரம் குறைந்தாலோ பிடிப்பதற்கு ஒன்றும் இல்லை. முழுத் தொடரும் முன்னே ஓடத் தொடங்கும், பலகைகள் விழும், ஏறிக்கொண்டிருப்பவர் நடுவில் தொங்குவார்.

பெட்டியின் பின் விளிம்புக்குக் கீழே இரண்டு பக்கமும் நிலத்திலிருந்து கட்டை அடுக்கி முட்டுக் கொடுப்பதே தீர்வு. கட்டைக்கும் விளிம்புக்கும் இடையில் இரண்டு விரல் இடைவெளிக்கு மேல் விடாதீர்கள். லொறியானாலும் இதைச் செய்யுங்கள். வில்லுகள் அமுங்கித் தட்டு தாழும்போது பலகையின் சரிவு மாறி, கட்டும் இளகும். இழுக்கும் வாகனத்தின் எல்லாச் சில்லுகளுக்கும் முன்னும் பின்னும் கட்டை வைக்க வேண்டும்.

கிரவல் திட்டியிலையோ குளக்கட்டிலையோ லொறியை அணைச்சு, பலகை இல்லாமல் ஏத்தலாமோ?

தட்டுக்குச் சமமான உயரத்தில் உறுதியான திட்டி கிடைத்தால் அதுவே மிகச் சிறந்த வழி. சரிவே இல்லாத இடத்தில் புரளும் ஆபத்தும் மிகக் குறைவு. கிரவல் அகழ்ந்த இடங்களில் இப்படியான வெட்டு முகங்கள் உண்டு. ஆனால் விளிம்பிலிருந்து இரண்டு, மூன்று அடிக்கு மண் இறுகியிருக்கிறதா என்று அலவாங்கால் குத்திப் பார்க்க வேண்டும். பின் சில்லின் பாரம் முழுவதும் விழும் இடம் அந்த விளிம்புதான். மழைக்குப் பிறகு அது பிட்டுப் போல உதிரும். திட்டிக்கும் தட்டுக்கும் இடைப்பட்ட வெளியைத் தடித்த பலகையால் மூடி, முன்பு சொன்னபடி கட்டிவிட வேண்டும்.

குளக்கட்டையும் வாய்க்கால் கட்டையும் இதற்குப் பயன்படுத்தாதீர்கள். கட்டின் தோள் உடைந்தால் இயந்திரம் மட்டும் போகாது, ஓர் ஊரின் தண்ணீரும் போகும். எந்த இடத்தைத் தெரிந்தாலும் மேலே அண்ணாந்து பாருங்கள். தட்டின் மேல் நிற்கும் இயந்திரத்தின் புகைக்குழாயும் கூரையும், அதை ஓட்டுபவரின் தலையும், வீதியோர மின்கம்பிக்கு நாம் நினைப்பதை விடக் கிட்டத்தில் வந்துவிடும்.

முன்பக்கம் கிளம்பாமல் இரண்டு பெடியளை முன்னாலை இருத்தி விட்டால்?

கூடாது. புரளும் இயந்திரத்தின் விசைக்கு முன்னால் இரண்டு பேரின் நிறை ஒன்றுமில்லை. சாரதி ஒருவருக்கு நேரக்கூடிய விபத்து மூவருக்கு நேரும், அவ்வளவுதான். மட்காட்டில் தொற்றிக்கொண்டு வருவதற்கும் இதே பதில். ஏற்றும்போது இயந்திரத்தின் மேல் ஒரே ஓர் ஆள்தான் இருக்க வேண்டும்.

சில்லுக்குக் கட்டை போட ஓராள் கூடவே நடந்து வர வேணும்தானே?

இந்த வேலையைப் பெரும்பாலும் கூட்டத்தில் இளையவரிடம் கொடுக்கிறார்கள் என்பது என்னை மிகவும் வருத்துகிறது. இயந்திரம் ஏற ஏற, குனிந்து கையால் கட்டையைத் தள்ளிக்கொண்டு போகிறவரின் தலை பின் சில்லின் உயரத்தில் இருக்கிறது. பலகை முறிந்தாலும் வழுகினாலும் முதலில் அகப்படுபவர் அவரே. கட்டை போட வேண்டுமானால் 6 அடித் தடியொன்றைக் கட்டையில் அறைந்து, அதைப் பிடித்துக்கொண்டு, பலகைக்கு வெளியே தள்ளி நின்று போடுங்கள்.

மற்ற எல்லோரும் இயந்திரத்தின் நீளத்தைப் போல இரண்டு மடங்கு தூரத்தில் நிற்க வேண்டும். சைகை காட்டுபவர் ஒருவராக, சாரதிக்குத் தெரியும் இடத்தில் நிற்க வேண்டும். நான்கு பேர் நான்கு பக்கத்திலிருந்து “வரட்டும், வரட்டும்” என்று கத்தும்போது “நில்” என்ற ஒரு குரல் சாரதியின் காதில் விழாது.

பிறேக் கொஞ்சம் குறைவு, ஆனால் கியரிலை நிக்கும். அதோடை ஏத்தலாமோ?

முடியாது. 35, 135 போன்றவற்றில் பிறேக் பின் அச்சின் முனைகளில் உள்ள உருளைகளில் இருக்கிறது. அச்சின் எண்ணெய் அடைப்பு தேய்ந்தால் எண்ணெய் கசிந்து பிறேக் பட்டியில் ஊறும். அப்போது ஒரு பக்கம் பிடிக்கும், மற்றப் பக்கம் வழுகும். வயலில் ஒரு பக்கப் பிறேக்கைத் திரும்புவதற்குப் பயன்படுத்திப் பழகியவர்களுக்கு அதன் விளைவு தெரியும். பலகையின் மேல் அதே திருப்பம் நேர்ந்தால் இயந்திரம் கீழே. ஏற்றுவதற்கு முன்னர் இரண்டு பிறேக் மிதிகளையும் இணைக்கும் கொழுக்கியைப் போட்டு, சமதரையில் மெதுவாக ஓட்டி மிதித்துப் பாருங்கள். மண்ணில் இரண்டு சில்லுத் தடமும் ஒரே நீளத்துக்கு இழுபட்டிருக்க வேண்டும். இல்லையென்றால், அடுத்த கேள்விக்கு அடுத்ததில் வரும் ஓடாத இயந்திரத்தைப் போலவே அதையும் நடத்துங்கள்.

பாதிப் பலகையிலை எஞ்சின் நிண்டிட்டால் என்ன செய்யிறது?

முதலில் செய்யக் கூடாதது: கிளச்சை மிதிக்கக் கூடாது. கியரில் நின்றுபோன எஞ்சின் இயந்திரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. கிளச்சை மிதித்தால் அந்தப் பிடி போய்விடும். இரண்டு பிறேக்கையும் சேர்த்து அழுத்திக் கொழுக்கியில் மாட்டுங்கள். தடியில் அறைந்த கட்டையைச் சில்லின் கீழ்ப்பக்கம் போடச் சொல்லுங்கள்.

மீண்டும் இயக்குவதில் ஒரு பொறி இருக்கிறது. 135 போன்ற பலவற்றில் உயர்வேக, தாழ்வேக நெம்பை நடுவில் ‘ஸ்டார்ட்’ நிலைக்குக் கொண்டு வந்தால்தான் எஞ்சின் எடுக்கும். அந்த நிலையில் கியரின் பிடி அறவே இல்லை, பிறேக்கும் கட்டையும் மட்டுமே தாங்குகின்றன. அவற்றில் ஐயம் இருந்தால் தொடாதீர்கள். தட்டின் முன்பக்கத்திலிருந்து சங்கிலியால் கட்டி நிறுத்திய பின்னரே மேற்கொண்டு எதையும் செய்யுங்கள். எஞ்சின் எடுத்துவிட்டால், தொடர்ந்து ஏற்ற முயலாமல் தாழ் கியரில் இறக்கி, நின்றதற்கான காரணத்தைப் பாருங்கள்.

ஓடாத மிசின், கனகாலம் பத்தைக்குள்ளை கிடந்தது. அதை எப்பிடி ஏத்திறது?

2009 இல் கைவிடப்பட்ட எத்தனையோ உழவு இயந்திரங்கள் முல்லைத்தீவுக் கரையோரத்திலும் காடுகளிலும் மழையில் கிடந்தன. பிறகு அவற்றைத் தேடி எடுத்துத் திருத்தி வாழ்க்கையைத் தொடங்கியவர்கள் பலர். அப்படிக் கிடந்ததை, இன்றும் எங்காவது கண்டால், முதலில் இடத்தைப் பாருங்கள். கண்ணிவெடி அகற்றல் நிறைவுற்ற நிலமென்று உறுதியாகத் தெரியாத பற்றைக்குள் கால் வைக்க வேண்டாம். இயந்திரத்தின் அடியிலோ அருகிலோ அறியாத உலோகப் பொருள் தெரிந்தால் தொடாமல், வந்த தடத்திலேயே திரும்பி, கிராம அலுவலருக்கோ பொலிஸாருக்கோ சொல்லுங்கள்.

இடம் பாதுகாப்பானதென்றால் அடுத்து இழுக்கும் வேலை. தட்டின் முன் சட்டத்தில் உறுதியாகப் பொருத்திய கை வின்ச் அல்லது செயின் புளொக் கொண்டு அங்குலம் அங்குலமாக இழுப்பதே நல்லது. எந்தக் கணத்திலும் நிறுத்தினால் அது அங்கேயே நிற்கும். இன்னொரு உழவு இயந்திரத்தால் கயிறு கட்டி இழுப்பதில் அந்தக் கட்டுப்பாடு இல்லை. நைலோன் கயிறு இழுபட்டு நீண்டு, அறும்போது தன் முழு விசையோடும் திரும்பி வரும். நுனியில் கொழுக்கி இருந்தால் அது ஆளைக் கொல்லும். கயிற்றின் நேர்கோட்டிலும் அதன் இரு பக்கத்திலும் எவரும் நிற்கக் கூடாது. இழுவையை அச்சிலோ அச்சுக்குக் கீழேயோ கட்டுங்கள். உயரத்தில் கட்டினால் எஞ்சினே இல்லாமலும் இயந்திரம் புரளும். ஆசனத்தில் ஆளை இருத்தாமல் முன் சில்லுகளை நேராக்கிச் சுக்கானைக் கயிற்றால் கட்டிவிடுங்கள்.

ஜேசிபியாலை தூக்கி வைச்சால் சுகமெல்லோ?

பாரத்தைத் தாங்கக்கூடிய, பழுதில்லாத சங்கிலிகளும், தூக்கிப் பழகிய இயக்குநரும் இருந்தால் அது நல்ல வழி. முன் அச்சிலும் பின் அச்சிலும் தனித்தனியே கட்டி, நிலத்திலிருந்து ஒரு சாண் மட்டும் உயர்த்திச் சமநிலை பார்த்த பிறகே மேலே தூக்க வேண்டும். தொங்கும் இயந்திரத்தைக் கையால் பிடித்துத் திருப்பாமல் நீளக் கயிறு கட்டித் தூரத்தில் நின்று திருப்புங்கள். வாளியின் பல்லில் சங்கிலியைக் கொளுவித் தூக்குவதை நான் கண்டிருக்கிறேன். வாளி சற்றுச் சரிந்தாலே சங்கிலி வழுகிவிடும்.

லாண்ட்மாஸ்டர் சின்னன்தானே, அதுக்கும் இவ்வளவு கவனம் வேணுமோ?

வேண்டும். பின்னால் நடந்து ஓட்டும் இந்த இரண்டு சில்லு உழவு இயந்திரத்தில் ஒரு விடயம் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். சமதரையில் இடப்பக்கத் திருப்பு கிளச்சைப் பிடித்தால் அது இடப்பக்கம் திரும்பும், ஏனென்றால் இடச் சில்லின் இழுவை விடுபடுகிறது. சரிவில் இறங்கும்போது எஞ்சின் சில்லுகளைப் பிடித்து வைத்திருக்கிறது. இடக் கிளச்சைப் பிடித்தால் இடச் சில்லு பிடியிலிருந்து விடுபட்டு வேகமாக உருளும், இயந்திரம் வலப்பக்கம் திரும்பும். புதியவர்கள் பலகையின் நடுவில் இதைக் கண்டு திகைத்து, இன்னும் இறுக்கிப் பிடிக்கிறார்கள். சரிவில் திருப்பு கிளச்சைத் தொடாமல், கைப்பிடியைத் தள்ளியே நேராக்க வேண்டும்.

அதோடு, லாண்ட்மாஸ்டருக்குப் பின்னால் நடந்து இறக்கும்போது பின்புறமாக இறக்கினால் அது உங்கள் மேலேயே வரும். முகம் கீழே பார்க்க இறக்குங்கள். இரும்புச் சில்லோடு எந்த இயந்திரத்தையும் பலகையில் ஏற்றாதீர்கள். மரத்தைப் பிளக்கும், இரும்பில் வழுகும்.

ஏத்திறதுதான் கஷ்டம், இறக்கிறது தானாய் வரும்தானே?

தானாக வருவதுதான் ஆபத்து. வேலை முடிந்துவிட்டது என்ற எண்ணமும், வீட்டுக்கு முன்னால் கூடிநிற்கும் பிள்ளைகளும், பொழுதுபட்ட நேரமும் சேர்ந்து இறக்கும்போதுதான் கவனம் குறைகிறது. முட்டு, பலகைக் கட்டு, சில்லுக்குக் கட்டை ஆகிய எல்லாவற்றையும் ஏற்றும்போது செய்தது போலவே மறுபடியும் செய்த பிறகே இயந்திரத்தைக் கட்டிய சங்கிலிகளை அவிழ்க்க வேண்டும். முறை மாறினால், பிறேக் இல்லாத இயந்திரம் பலகை வைப்பதற்கு முன்பே உருண்டு வரும்.

பின்புறமாக ஏற்றியது முகம் கீழே பார்க்க இறங்கும். தாழ் கியரில், கிளச்சைத் தொடாமல், எஞ்சினே பிடித்து இறக்கட்டும். முகத்தால் ஏற்றப்பட்டதைப் பின்புறமாகத்தான் இறக்க வேண்டியிருக்கும். அப்போது பிறேக்கைச் சட்டென்று மிதித்தால் பின் சில்லுகள் நிற்க, உடல் தொடர்ந்து கீழே போகப் பார்த்து, முகம் மேலே கிளம்பும். ஏற்றும்போது புரள்வதற்கும் இதற்கும் விளைவு ஒன்றுதான்.

ஏத்தினாப் பிறகு கயித்தாலை இறுக்கிக் கட்டினால் போதுமோ?

கயிறு போதாது, சங்கிலி வேண்டும். முன் அச்சில் இரண்டு, பின் அச்சில் இரண்டாக நான்கு மூலைக்கும் இழுத்து, இறுக்கியால் முறுக்க வேண்டும். சுக்கான் தண்டிலோ ரேடியேற்றருக்கு முன்னுள்ள சட்டத்திலோ கட்டக் கூடாது; அவை பாரத்துக்கென்று செய்யப்பட்டவை அல்ல. தாழ் கியரில் விட்டு, பிறேக்கைக் கொழுக்கியில் மாட்டி, நான்கு சில்லுக்கும் கட்டை வைத்து, கட்டையைத் தட்டில் அறைந்துவிடுங்கள். பின் ரயர்களில் பாரத்துக்காகத் தண்ணீர் நிரப்பியிருக்கிறதா என்று உரிமையாளரிடம் கேளுங்கள். ஒரு ரயரிலேயே நூறு லீற்றருக்கு மேல் இருக்கலாம், லொறிக்கு அனுமதித்த பாரத்தில் அதையும் சேர்க்க வேண்டும்.

ரயர்கள் காற்றுள்ளவை என்பதால் குழிகளில் இயந்திரம் துள்ளித் துள்ளிச் சங்கிலி தளரும். புறப்பட்டுச் சில கிலோமீற்றருக்குள் ஒருமுறை நிறுத்தி மீண்டும் இறுக்குங்கள். உள்வீதியிலிருந்து ஏ9 க்கு ஏறும் சந்தி அதற்கு நல்ல இடம்.

மழைக்குள்ளை ஏத்தலாமோ? லொறிக்காரர் நிக்க மாட்டன் எண்டுறார்.

ஈரக் களிமண் ஒட்டிய ரயர் பலகையில் சுற்றும், ஏறாது. ஒரு பக்கச் சில்லு மட்டும் சுற்றினால் இயந்திரம் பக்கவாட்டில் இழுபடும். ரயரின் பள்ளங்களில் உள்ள சேற்றைச் சுரண்டி, பலகைக்குக் குறுக்கே மெல்லிய சட்டங்கள் அறைந்து, மழை விட்ட பிறகு ஏற்றுங்கள். லொறிக்காரருக்குக் காத்திருப்புக் கூலியை முன்கூட்டியே பேசிக்கொண்டால் இந்தச் சண்டை வராது.

நாங்கள் இருவது வருசமா கட்டைப் பலகையிலைதான் ஏத்திறம், ஒண்டும் நடக்கேல்லையே?

உங்கள் கைப்பக்குவத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் இந்த இருபது ஆண்டில் இயந்திரத்துக்கும் இருபது வயது கூடியிருக்கிறது. எண்ணெய் அடைப்பு, கியர்ப் பல், பலகை எல்லாம் தேய்ந்திருக்கின்றன. 30 பாகையில் தப்பிய ஒவ்வொரு தடவையும் கிளச் மென்மையாகப் பிடித்தது, சில்லு முட்டவில்லை, எவரும் பின்னால் நிற்கவில்லை. அவற்றில் ஒன்று மாறும் நாளை உங்களால் தெரிவு செய்ய முடியாது. 15 பாகையில் அவை மாறினாலும் தப்புவதற்கு இடம் இருக்கிறது.

கவிண்டு ஆள் கீழை அகப்பட்டால் உடனை என்ன செய்ய வேணும்?

எஞ்சினை நிறுத்துங்கள், டீசல் எஞ்சினில் எரிபொருளை நிறுத்தும் இழுப்புக் கம்பி எங்கே இருக்கிறது என்பதை வேலை தொடங்கும் முன்னரே எல்லோருக்கும் காட்டி வைத்திருக்க வேண்டும். ஒருவர் உடனடியாக 1990 சுவசெரிய அம்புலன்ஸ் சேவையை அழைக்கட்டும். வன்னியின் உள்ளூர்களில் வீட்டு இலக்கத்தால் இடம் சொல்ல முடியாது. பாடசாலை, கோயில், குளம் எனத் தெரிந்த அடையாளத்தைச் சொல்லி, பிரதான வீதிச் சந்தியில் வழிகாட்ட ஓர் ஆளை நிறுத்துங்கள்.

இயந்திரத்தை ஆட்கள் சேர்ந்து கையால் புரட்டப் பார்க்காதீர்கள். பாதி தூக்கி மறுபடி விழவிட்டால் உயிரோடு இருப்பவரும் போய்விடுவார். அது மேலும் சரியாதபடி முதலில் கட்டைகளால் முட்டுக் கொடுங்கள். பிறகு ஜக்கால் சிறிது சிறிதாகத் தூக்கி, தூக்கும் ஒவ்வொரு அங்குலத்துக்கும் கீழே கட்டை அடுக்குங்கள். டீசல் சிந்தியிருந்தால் பற்றரிக் கம்பியைக் கழற்றி, பீடி, சிகரெட்டை அணைக்கச் சொல்லுங்கள். அகப்பட்டவரின் தலையும் கழுத்தும் அசையாமல் ஒருவர் பிடித்துக்கொண்டு, அம்புலன்ஸ் வரும் வரை அவரோடு பேசிக்கொண்டிருக்க வேண்டும். எவ்வளவு நேரமாக நசுங்கிக் கிடந்தார் என்பதை வருகின்ற உத்தியோகத்தரிடம் கட்டாயம் சொல்லுங்கள்; நெடுநேரம் நசுங்கிய கால் விடுபட்ட பிறகு உடலில் வேறு சிக்கல்கள் வரக்கூடும் என்பதால், வைத்தியசாலையில் சிகிச்சையைத் தீர்மானிக்க அந்த நேரம் அவர்களுக்குத் தேவை.